அத்தியாயம் 7: மாணவர் கையில் எந்த வேலையைக் கொடுப்பது?

மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக இருப்பவரிடமே மாணவர் பயிற்சியை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் வந்து சேரும்போது, அவர் முதலில் செய்வது நேரத்தைப் பங்கு போடுவதுதான். காலையில் ரவுண்ட்ஸ், பிற்பகலில் மாணவர்களுடன் கேஸ் டிஸ்கஷன், சனிக்கிழமை லாக் புக்கில் கையெழுத்து. பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும் இந்த ஏற்பாடு அதிக நாள் நிற்பதில்லை. ரவுண்ட்ஸ் குறித்த நேரத்தில் முடியாது, டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் பிற்பகலில்தான் மொத்தமாகக் கிளம்புவார்கள், கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் கேட்டுத் தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். கடைசியில் இரண்டு வேலையும் அரைகுறையாகி, நோயாளிக்கும் மாணவருக்கும் குறை வைத்துவிட்டோம் என்ற உறுத்தல் மட்டும் மிஞ்சும். இதற்குக் காரணம் நேரக்குறைவு என்று சொல்வதே வழக்கம். இந்த அத்தியாயம் அப்படிச் சொல்லவில்லை. வார்டு வேலை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்ததுதான் கோளாறு. மாணவர் செய்யும் ஒவ்வொரு பயிற்சியும் அன்றே, அந்த வார்டிலேயே, ஒரு நோயாளிக்குப் பயன்படும் வேலையாக இருக்க வேண்டும். அப்படி அமைத்துவிட்டால் பங்கு போட வேண்டிய நேரத்தின் பெரும்பகுதி ஒன்றாகிவிடும்.

இப்போது நடப்பதைப் பார்ப்போம். இந்திய ஃபார்மசி கவுன்சில் 2008-இல் கொண்டுவந்த ஃபார்ம்.டி விதிமுறைகளின்படி இது ஆறு ஆண்டுப் படிப்பு. ஐந்து ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். குறைந்தது 300 படுக்கை கொண்ட மருத்துவமனை இதற்கு வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு, பிறகு வேறு மூன்று பிரிவுகளில் தலா இரண்டு மாதம். அதற்கு முன்பே இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டுகளில் ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது 50 மணி நேரம், 200 வேலை நாட்களுக்குக் குறையாமல் பரப்பி, மருத்துவமனைக்கு வர வேண்டும். வகுத்துப் பார்த்தால் நாளுக்குக் கால் மணி நேரம்! அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தராததால், மாணவர் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதிக்கொள்கிறார். நோயாளியின் வயது, எடை, முறையீடு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல் எல்லாம் அவருடைய நோட்டுக்குப் போகின்றன. பத்து நாள் கழித்து அவர் வகுப்பில் கேஸ் பிரசன்டேஷன் செய்வார். இரண்டு மருந்துகளுக்கிடையே வினை இருந்தது, ஒரு மருந்தின் அளவைச் சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்பக் குறைத்திருக்க வேண்டும் என்று சரியாகவே கண்டுபிடிப்பார். கைதட்டலும் கிடைக்கும். நோயாளியோ டிஸ்சார்ஜ் ஆகி ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மாணவரின் அறிவில் குறையில்லை. அந்த அறிவு நோயாளியை வந்தடையும் வழியைத்தான் நாம் போட்டுத் தரவில்லை.

எனவே ஒருங்கிணைப்பாளர் முதலில் தேட வேண்டியது, வார்டுக்கு அவசியமாக இருந்தும் ஆள் இல்லாததால் சரியாக நடக்காத ஒரு வேலையை. ஏறக்குறைய எல்லா மருத்துவமனையிலும் அந்த வேலை ஒன்றேதான்: நோயாளி வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்க்கையின்போது முழுதாகக் கேட்டு எழுதி, வார்டில் எழுதப்பட்ட மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதன் அவசியத்துக்குச் சான்று உண்டு. டொராண்டோவில் உள்ள ஒரு பயிற்சி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்த 151 நோயாளிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், 53.6 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு மருந்தாவது யாரும் நினைக்காமலே மாறியோ விடுபட்டோ இருந்தது. அந்த முரண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை, வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்து வார்டில் எழுதப்படாமல் போனவை. கணினிப் பதிவும் குடும்ப மருத்துவரும் இருக்கும் நாட்டின் கதை இது. நம் ஊரில் நோயாளி ஒரு பாலித்தீன் பையில் பாதி கிழிந்த மாத்திரை அட்டைகளோடு வருகிறார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்திருப்பார்கள். அதே மருந்தைத் தனியார் டாக்டர் வேறு பிராண்டு பெயரில் எழுதியிருப்பார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்று இருக்கும். நாட்டு மருந்துக் கடைச் சூரணத்தைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார், கேட்காவிட்டால் அது மருந்துக் கணக்கிலேயே வராது. டியூட்டி டாக்டருக்கு இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க நேரம் இல்லை. மாணவரிடம் உள்ள ஒரே சொத்து நேரம்தான்.

இந்த வேலையை மாணவரிடம் கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தைய நாள் மாலை முதல் காலை வரை சேர்ந்த நோயாளிகளின் பட்டியலை எடுத்து, ஆளுக்கு இருவர் என்று ரவுண்ட்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பிரித்துக் கொடுங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் படிவம் போதும். இடப்பக்கம் வீட்டில் சாப்பிட்ட மருந்து, அளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டார், யார் எழுதிக்கொடுத்தது. வலப்பக்கம் வார்டில் அது தொடர்கிறதா, நிறுத்தப்பட்டதா, மாற்றப்பட்டதா, நிறுத்தியதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா. தகவல் ஒரே இடத்திலிருந்து வந்தால் ஏற்கக் கூடாது. நோயாளி சொன்னதை அட்டையோடோ, பழைய ஓ.பி. சீட்டோடோ, வீட்டில் மருந்து எடுத்துக்கொடுக்கும் மகளோடோ மருமகளோடோ ஒத்துப்பார்த்த பிறகே படிவம் முழுமையானது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேரளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் மாணவர்கள் கணிசம். தமிழ் சரளமாகப் பேசாதவரைத் தமிழ் பேசுபவரோடு ஜோடி சேர்த்து அனுப்பாவிட்டால், படிவத்தில் நிரம்புவது கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருந்ததாகத்தான் இருக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அட்டவணை போடும்போது பெரும்பாலான ஒருங்கிணைப்பாளர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம்: மாணவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் எழுதியதைத் திரும்பச் சரிபார்ப்பதற்குள் நானே செய்து முடித்துவிடலாமே? ஒரு நோயாளிக்கு என்றால் இது உண்மை. முதல் வாரத்துக்கும் இது உண்மை. ஆனால் கணக்கை முழு வார்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் எட்டுப் புதுச் சேர்க்கை, ஒருவருக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தனி ஒருவருக்கு 160 நிமிடம் ஆகும். அத்தனை நேரம் யாரிடமும் இல்லாததால்தான் அந்த வேலை இதுவரை நடக்கவே இல்லை. நான்கு மாணவர்கள் ஆளுக்கு இருவராக எடுத்தால், பழக்கம் இல்லாத கை சற்றுத் தாமதித்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஃபார்மசிஸ்ட் ஒவ்வொரு படிவத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினாலும் 40 நிமிடம்தான். அதாவது ‘நானே செய்துவிடலாம்’ என்பது, ‘எட்டில் இரண்டை நானே செய்துவிட்டு, மீதி ஆறை விட்டுவிடலாம்’ என்பதற்குச் சமம்.

அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கு 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பேராசிரியர்கள் வகுத்த ‘ஒரு நிமிடப் பயிற்றுநர்’ முறை நல்ல உதவி. மருத்துவ மாணவர்களுக்காக உருவானது, நமக்கும் அப்படியே பொருந்துகிறது. அதில் ஐந்து படிகள். மாணவர் முதலில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டும். அந்த நோயாளியைத் தாண்டிப் பயன்படும் ஒரு பொதுவிதியைச் சொல்லித்தர வேண்டும். சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சுட்ட வேண்டும். தவறைத் திருத்த வேண்டும். நம் வகுப்பறைப் பழக்கம் இதற்கு நேர் எதிரானது. மாணவர் வாய் திறப்பதற்குள் நாமே விடையைச் சொல்லிவிடுவோம், பிறகு அதையொட்டிய பாடத்தைப் பத்து நிமிடம் நடத்துவோம். நேரத்தை விழுங்குவது மாணவர் அல்ல, நம் பிரசங்கம். ‘இந்த நோயாளிக்கு வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா, மாட்டீர்களா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகுவது ஒருங்கிணைப்பாளருக்கு முதல் பயிற்சி.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. மாணவர் தவறு செய்தால்? 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின்படி, மருந்துச்சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பதும் வழங்குவதும் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்டின் வேலை. மாணவர் அந்த இடத்தில் நிற்க முடியாது. நோயாளிக்கு எதிரில் மாத்திரையை மாற்றிச் சொல்லவோ, நர்ஸிடம் ‘இந்த ஊசியைப் போட வேண்டாம்’ என்று சொல்லவோ அவருக்கு அதிகாரம் இல்லை. இதைப் போஸ்டிங்கின் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கேட்பதும், ஒப்பிடுவதும், சந்தேகத்தைக் கொண்டுவந்து சொல்வதும் அந்த வரம்புக்கு உள்ளேதான் இருக்கின்றன. மாணவர் எழுதிய எதுவும் ஃபார்மசிஸ்ட் கையெழுத்து இல்லாமல் கேஸ் ஷீட்டுக்குள் போகக் கூடாது என்ற ஒரே விதி பெரும்பாலான ஆபத்தை அடைத்துவிடும். இந்தப் பக்கம் பூட்டு போட்டதுபோல மறுபக்கம் ஒரு கதவைத் திறந்தும் வைக்க வேண்டும். சில விஷயங்களைக் கண்டால் மாணவர் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே ஃபார்மசிஸ்டுக்குப் போன் செய்ய வேண்டும். அவருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியதுகூட இல்லை, சந்தேகமே போதும். ஒன்று, வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் தினமும் என்று எழுதப்பட்டிருப்பது. இன்னொன்று, இன்சுலினும் சிரிஞ்சும் பொருந்தாதது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை இன்சுலினும் புழக்கத்தில் இருக்கின்றன, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கரைக்காமல் நேராகப் போடும்படி புரிந்துகொள்ளக்கூடிய எந்தக் குறிப்பும் இந்தப் பட்டியலில் சேரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு வலி மாத்திரை சேர்ந்திருப்பதும் அப்படியே. பட்டியலைச் சிறியதாக, சட்டைப் பையில் மடித்து வைக்கும் அளவில் வைத்திருங்கள். நீளமான பட்டியலை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தவறே நடக்காது என்று சொல்லவில்லை. மாணவர் ஒரு மருந்தின் பெயரைத் தவறாகக் கேட்டு எழுதலாம். ஆனால் மாணவர் இல்லாத வார்டு தவறு இல்லாத வார்டு அல்ல. மேலே சொன்ன டொராண்டோ எண்ணிக்கை, வழக்கமான முறையில் மருத்துவர்கள் சேர்க்கையின்போது எழுதிய மருந்துகளைப் பற்றியதுதான். சரிபார்க்கப்படும் மாணவர் குறிப்பையும், யாரும் சரிபார்க்காத அவசரக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து எடை போட வேண்டும். குறையற்ற குறிப்பு என்ற ஒன்று நம்மிடம் இல்லாதபோது அதோடு ஒப்பிட்டு மாணவரைத் தள்ளுவது நியாயம் ஆகாது.

டாக்டர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அடுத்து வரும் கவலை. இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு. அங்கே ஒரு ஃபார்மசிஸ்ட் மருத்துவர்களோடு ரவுண்ட்ஸில் சேர்ந்து போனபோது, மருந்து எழுதுவதால் ஏற்படும் தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன. ஆயிரம் நோயாளி-நாளுக்கு 10.4 என்று இருந்தது 3.5 ஆனது. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362-ஐ மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இதைக் காட்டி மாணவர்களையும் ரவுண்ட்ஸில் பேசவிடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அது சரியான வாதம் இல்லை. அங்கே பேசியவர் அனுபவம் வாய்ந்த ஒருவர், அது ஒரே ஒரு பிரிவு, ரவுண்ட்ஸ் முடிந்த பிறகும் அவர் கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைத்தார். அந்த ஆய்வு மெய்ப்பிப்பது வேறொன்று: யோசனை மருந்து எழுதப்படும் அந்த நேரத்தில், எழுதுபவரின் பக்கத்தில் நின்று சொல்லப்பட்டால் ஏற்கப்படுகிறது. மாணவர் கண்டுபிடித்ததை அந்த நேரத்துக்குள் ஃபார்மசிஸ்டின் கையில் கொண்டுசேர்ப்பதே பயிற்சி அட்டவணையின் குறிக்கோள். யூனிட் சீஃபிடம் பேசுவது ஃபார்மசிஸ்ட். ‘இவர் வீட்டில் லெவோதைராக்சின் 100 மைக்ரோகிராம் சாப்பிட்டுவந்தார் சார், இங்கே எழுதவில்லை, தொடரலாமா?’ என்று ஒரே வாக்கியத்தில் பிரச்சினை, ஆதாரம், மாற்று மூன்றும் வந்துவிட வேண்டும். கண்டுபிடித்த மாணவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும், அவர் பெயரையும் சொல்ல வேண்டும். தன் கண்ணெதிரே ஒரு மருந்து கேஸ் ஷீட்டில் சேர்வதைப் பார்த்த மாணவருக்கு அடுத்த நாள் சீக்கிரம் வரச் சொல்ல வேண்டியிருக்காது. ஆறு மாதப் போஸ்டிங்கின் இறுதியில் இன்டர்ன்களை இப்படிப் பேசவைக்கலாம். இளைய மாணவர்களை வேண்டாம்.

இதே வழியில் வார்டின் இன்னும் இரண்டு வேலைகள் மாணவரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. ஒன்று, மருந்துப் பக்கவிளைவை அறிக்கையிடுவது. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் பொறுப்பு. அதன் படிவத்தில் கட்டாயமானவை சிலவே: நோயாளியின் பெயர் முதலெழுத்து, வயது, என்ன விளைவு, எப்போது தொடங்கியது, சந்தேகப்படும் மருந்து, அறிக்கை தருபவரின் விவரம். கல்லூரிகளில் இதற்கு மேல் நரான்ஜோ அளவுகோலின் பத்துக் கேள்விக்கும் மதிப்பெண் போட்டு 5 முதல் 8 வரை வந்தால் ‘அநேகமாக’ என்று எழுதச் சொல்கிறோம். எழுதட்டும். ஆனால் மருந்தை நிறுத்தியபின் தடிப்பு குறைந்ததா என்ற கேள்விக்கு விடை கேஸ் ஷீட்டில் கிடைக்காது, மறுநாள் போய் நோயாளியின் தோலைப் பார்த்தால்தான் கிடைக்கும். மறுநாள் போகாத மாணவரின் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. இன்னொன்று டிஸ்சார்ஜ் நேர ஆலோசனை. ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘வீட்டுக்குப் போய் ராத்திரிக்கு எதெதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா’ என்று கேட்கப் பழக்க வேண்டும். இன்ஹேலர் என்றால் வாயால் விளக்குவதை விட்டு, நோயாளியையே உறிஞ்சிக் காட்டச் சொல்ல வேண்டும்.

நோயாளிகள் பாடப்பொருள் அல்லர் என்று ஒரு மறுப்பும் வரும். அதுவும் நியாயமானது. மருத்துவ மாணவர், நர்சிங் மாணவர், ஃபார்மசி மாணவர் என்று ஒருவரிடமே நான்கு பேர் வந்து அதே கேள்வியைக் கேட்டால் அது தொல்லைதான். தான் மாணவர் என்பதைச் சொல்லி, பேசலாமா என்று கேட்டு, மறுத்தால் நகர்ந்துவிடுவது கட்டாயம். ஆனால் இந்த மறுப்பு கேஸ் பிரசன்டேஷனுக்காகத் தகவல் எடுத்துக்கொண்டு போகும் முறைக்குத்தான் முழுதாகப் பொருந்துகிறது. அங்கே நோயாளி கொடுக்கிறார், எதையும் பெறுவதில்லை. தன் விடுபட்ட மாத்திரை அன்றே சேர்க்கப்பட்டவரின் நிலைமை அப்படியல்ல.

அடுத்தது மதிப்பீடு. லாக் புக்கில் எத்தனை கேஸ் என்று எண்ணினால், மாணவர் கேஸ்களைச் சேகரிப்பார். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ‘இதனால் நோயாளிக்கு என்ன மாறியது, யார் மாற்றினார், எத்தனை மணிக்கு’ என்று ஒரு பத்தி போடுங்கள். பல நாட்கள் அங்கே ‘எதுவும் மாறவில்லை’ என்றே வரும், அது நேர்மையான பதிவு. எதுவும் மாற வேண்டிய தேவை இல்லை என்று சரிபார்த்து உறுதி செய்வதும் வேலைதான். பல்கலைக்கழகம் கேஸ் எண்ணிக்கை கேட்டால் இதிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம், தனியாக ஒரு நோட்டு வேண்டியதில்லை. மாதக் கடைசியில் இந்தப் பத்தியைத் தொகுத்து மருத்துவக் கண்காணிப்பாளரிடம் வையுங்கள். கிளினிக்கல் ஃபார்மசிஸ்டுக்கு இன்னொரு பணியிடம் கேட்கும்போது, கல்லூரியின் நற்சான்றிதழைவிட இந்தத் தாள் அதிகம் பேசும்.

இந்த முறை எங்கே நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 30 ஃபார்ம்.டி இடங்கள், அதற்கு மேல் பட்டதாரிகளுக்கான பிரிவில் 10. மூன்று நான்கு ஆண்டு மாணவர்கள் ஒரே சமயத்தில் வார்டுக்கு வந்தால் ஒரு ஃபார்மசிஸ்டின் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். இருபது படிவத்தை நாற்பது நிமிடத்தில் சரிபார்க்க முடியாது. சரிபார்க்காமல் கையெழுத்திட்டால் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் இல்லை, மாணவர் செய்த தவறுக்குக் கையெழுத்திட்டவரே பொறுப்பு. ஒரு நாளில் எத்தனை படிவத்தை உங்களால் உண்மையாகவே படித்துப் பார்க்க முடியும் என்று முதல் இரண்டு வாரம் கணக்கெடுங்கள். அந்த எண்ணைத் தாண்டி மாணவர்களை அனுப்பினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். காலை, மாலை என்று பிரித்து அனுப்பும்படியோ, இன்னொரு ஆசிரியரை வார்டுக்கு அனுப்பும்படியோ கல்லூரி முதல்வருக்குக் கடிதமாக எழுதி, அதன் நகலை மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.